தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மார்க்

என் தம்பி பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் ஐம்பதைத் தாண்டியவன் இல்லை. ஒரே ஒரு தடவை தாண்டினான், அதுவும் பேனாவால். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய 18-ஐ 78 ஆக்கி மார்க் அட்டையை அப்பாவிடம் நீட்டினான். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகு அவன் தோளில் கையைப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மார்க் வாங்குகிற பிள்ளை நான். "அப்பா, அந்த ஏழு முன்னாடி ஒண்ணா இருந்திச்சு, வெளிச்சத்துல வச்சுப் பாருங்க" என்று போட்டுக்கொடுத்தேன். அன்று வாங்கிய பெல்ட் அடி அவன் முதுகில் பத்து நாள் இருந்தது. அப்பா அவன் தோளில் கை போட்டதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐம்பத்தொரு வயதில் மாரடைப்பு வந்து அவர் போய்ச் சேர்ந்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறகு செய்த காரியத்துக்கு இது சாக்கு ஆகாது. ஆனாலும் காரணம் இதுதான்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் டெக்னீஷியன். நாலாவது மாடி. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் ரத்தத்தைச் சுழற்றி, மெஷினில் வைத்து, திரையில் வரும் எண் சரிதானா என்று பார்த்து, பட்டனை அழுத்தி டாக்டருக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. தம்பிக்கு முப்பத்தேழு வயது. ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அவனுக்கு மூன்று வருஷம் கழித்து வேலைக்குச் சேர்ந்த ஒருத்தனுக்கு சூப்பர்வைசர் பதவி போனது. இவன் வாயே திறக்காமல் அந்தப் புதுச் சூப்பர்வைசருக்கு வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்துவிட்டு வந்தான். அன்று சாயங்காலம்தான் செல்போனில் காளை மாஸ்டரைக் கண்டுபிடித்திருக்கிறான்.

காளை மாஸ்டர் என்பது அந்த ஆள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டம். சட்டை போடாமல் கேமரா முன்னால் உட்கார்ந்து, "உன்கிட்ட திறமை குறையலடா, டெஸ்டோஸ்டிரோன் குறையுது" என்பான். அலுவலகத்தில் மதிக்கவில்லையா, அதுதான் காரணம். பெண்டாட்டி எதிர்த்துப் பேசுகிறாளா, அதுவும் அதுதான். என்ன சாப்பிட வேண்டும், என்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு பட்டியல் வாசித்துவிட்டு, கடைசியில் எந்த டப்பாவை எங்கே வாங்க வேண்டும் என்பதில் வந்து நிற்பான்.

தம்பியின் மனைவிதான் எனக்கு முதலில் போன் செய்தாள். "அண்ணி, காலையில எட்டு முட்டை பச்சையா குடிக்கிறாரு. வெண்ணெயைக் கட்டியா வாயில போட்டுக்கிறாரு. வீட்ல இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவை எல்லாம் தூக்கிப் போட்டுட்டாரு, அதுல சாப்பிட்டா ஆம்பளத்தனம் கரைஞ்சிருமாம். என் ஊறுகாய் எல்லாம் தெருவுல கிடக்கு."

நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னடா, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சா?"

"கொழுப்புல இருந்துதான்கா டெஸ்டோஸ்டிரோனையே உடம்பு செய்யுது. மாஸ்டர் படம் போட்டுக் காட்டினாரு."

"அப்பா எதுல போனாருன்னு ஞாபகம் இருக்கா? டாக்டர் குடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடறேன், சாப்பிடறேன்" என்றான்.

சின்ன வயதிலிருந்தே அவன் ஒரே வார்த்தையை இரண்டு தரம் சொன்னால் அது பொய். எனக்கு அது தெரியும். அன்று ஏனோ காதில் விழவில்லை.

லேப் ஆட்களின் குடும்பத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம். "ஒரு தடவ பாத்துச் சொல்லேன்கா" என்று கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். பார்த்தேன். டெஸ்டோஸ்டிரோன் 318. எங்கள் கணக்கில் 270-க்கு மேல் இருந்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன்.

"பார்டர் பாஸ்" என்றான். முகம் செத்துவிட்டது. "எப்பவும் போல."

"மார்க் இல்லடா இது. ரத்தம்."

"உனக்கு என்னக்கா, நீ எல்லாத்துலயும் நூறு" என்று சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனான். லிஃப்டில் போகவில்லை. லிஃப்ட் சோம்பேறிகளுக்கு, ஆம்பளை படியில்தான் ஏறி இறங்க வேண்டும் என்று காளை மாஸ்டர் சொல்லியிருந்தானாம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தான். தாடி விட்டிருந்தான். ரத்தம் எடுத்து வைத்தேன். திரையில் 912 என்று வந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. முட்டையும் வெண்ணெயும் தின்று எவனுக்கும் இரண்டு மாதத்தில் மூன்று மடங்கு ஏறாது. மறுபடி ஓட்டினேன். 908. அவன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா புதுசா சாப்பிடற?"

"ஒண்ணும் இல்லக்கா. தாடிக்கு ஒரு மாத்திரை. மாஸ்டர் டப்பாவுலயே வருது. மத்தவங்க ஒண்ணு சாப்பிடுவாங்க, நான் நாலு." பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினான். பயோட்டின். முடி வளர என்று விற்கிற வைட்டமின். மலையளவு பயோட்டின்.

இதை எளிமையாகச் சொல்கிறேன். எங்கள் மெஷின் ரத்தத்தில் தேடுகிற சரக்கைப் பிடித்து உட்கார வைக்க சில இருக்கைகளை வைத்திருக்கிறது. பயோட்டின் அதிகமாக இருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல எல்லா இருக்கையையும் அதுவே பிடித்துக்கொள்ளும். மெஷின் ஏமாந்துபோகும். டெஸ்டோஸ்டிரோன் போன்ற சிலவற்றில் கொஞ்சமாக இருப்பதை அதிகம் என்று காட்டும். வேறு சிலவற்றில் இருப்பதையே இல்லை என்று சொல்லிவிடும். பரிசோதனைக் கிட்டோடு வரும் துண்டுத்தாளில் இது பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அன்று அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். எனக்கு வேண்டிய வரி கிடைத்ததும் மடித்து வைத்துவிட்டேன். இரண்டாவது பட்டியலில் ட்ரோபோனின் என்ற பெயரும் இருந்தது. இதயத்துக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசிவது அது. நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு நாங்கள் பார்ப்பது அதைத்தான். என் கண் அதன் மேல் போய்த்தான் வந்தது.

ஆக, 912 பொய். மாத்திரையை மூன்று நாள் நிறுத்திவிட்டு வா, மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் வெளியே வந்தேன்.

அதற்குள் அவன் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே திரையை எட்டிப் பார்த்துவிட்டான். "தொள்ளாயிரத்துப் பன்னண்டா? அக்கா, தொள்ளாயிரத்துப் பன்னண்டா?" எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டான். முப்பத்தேழு வயதுத் தடியன் கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்பா இருந்திருக்கணும்கா" என்றான்.

என் நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றை ஏழாக்கிய அந்த அட்டை கண் முன்னால் வந்து நின்றது. ஒரு தடவை சொல்லித் தொலைத்தாயே, இந்தத் தடவையாவது வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொன்னேன். ரிப்போர்ட்டை அச்செடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அந்தத் தாள் அவனை எப்படி மாற்றிப்போட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டான். செல்போனைத் திறந்தால் அதன் படம்தான். கிடங்கில் சூப்பர்வைசரிடம் போய், வாரக் கடைசி ஷிஃப்ட் எனக்கே ஏன் விழுகிறது என்று முதல் தடவையாகக் கேட்டான், மாற்றியும் கொடுத்தார்கள். "மனுஷன் சிரிச்சுக்கிட்டே தூங்கறாரு அண்ணி. முட்டை நாத்தம்தான் தாங்கல, மத்தபடி இது நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவன் மனைவி. நானும் சிரித்தேன். வெறும் எண்தானே, யார் குடி முழுகிப்போகிறது, நாளைக்கு அவனுக்கே சலித்துவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் 890 வந்தது. "இருபத்திரெண்டு குறைஞ்சிருச்சே" என்று கவலைப்பட்டான். "தூக்கம் குறைஞ்சா அப்படித்தான்டா" என்று நான் சமாதானம் சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். லேபில் யார் தப்பாக எண் எழுதினாலும் ஆடித் தீர்க்கிறவள் நான். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்டு, குடையவில்லை என்று நடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு எமர்ஜென்சியிலிருந்து ஒரு டியூப் வந்தது. எங்கள் திரையில் பெயர் வராது. எண், வயது, ஆணா பெண்ணா, என்ன புகார், அவ்வளவுதான். முப்பத்தேழு, ஆண், நெஞ்சுவலி. ட்ரோபோனின் கேட்டிருந்தார்கள். ஓட்டினேன். ஒன்றுமே இல்லை என்று வந்தது. பட்டனை அழுத்தினேன். பன்னிரண்டரைக்கு அதே எண்ணில் இரண்டாவது டியூப் வந்தது. மூன்று மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பது வழக்கம். அதிலும் ஒன்றும் இல்லை. பட்டனை அழுத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ஒரு மணிக்கு ஜன்னலில் யாரோ தட்டினார்கள். பார்த்தால் தம்பி. முகம் வெளிறிப்போய், மேலுதட்டில் வியர்வை. ஆனால் சிரித்தான்.

"பயந்துறாத. வயித்துல கேஸாம். போகச் சொல்லிட்டாங்க."

"எதுக்கு வந்த? என்ன கேஸ்?"

"வண்டி ஓட்டிட்டு இருந்தேன், நெஞ்சு அடைச்சிது. கூட வேலை பாக்கறவன் இழுத்துட்டு வந்துட்டான். ஈசிஜியில லேசா ஏதோ இருக்குன்னாங்க, ரத்தம் ரெண்டு தடவ பாத்தாங்க, க்ளீன்னுட்டாங்க. உனக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்." கையிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான். "தொள்ளாயிரம் இருக்கிறவனுக்கு என்னக்கா வந்துரும்?"

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"டாக்டர் என்ன மருந்து சாப்பிடறேன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னேன்."

"டப்பா?"

"அது மருந்தா? சத்துக்கா அது."

"தாடி மாத்திரை சாப்பிட்டியா இன்னிக்கு?"

"காலையில நாலு. ஏன்?"

கதவைத் திறந்து வெளியே வந்து அவன் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. இனி சுற்றி வளைக்க நேரம் இல்லை. "கீழ திரும்பிப் போடா. இப்பவே. அந்த மாத்திரை சாப்பிட்டா எங்க மெஷின் தப்பாக் காட்டும். நெஞ்சுல அடி இருந்தாலும் இல்லன்னுதான் காட்டும். நான்தான் பாத்தேன் ரெண்டு டியூபையும். வா, டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

அவன் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனசு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சுக்குப் போகவில்லை.

"மெஷின் தப்பாக் காட்டும்னா, என் மார்க்?"

"அத அப்புறம் பேசலாம். வாடா."

"என் மார்க்கு, அக்கா."

"அதுவும் தப்புதான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரியும் என்று ஒரு வார்த்தை. பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு உண்மை வரும், உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில் வாயடைத்துப்போகும். அப்படி ஒரு பிறவி. "முதல்லயே தெரியும்" என்றேன்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. "அப்பவும் நீதான் சொன்ன" என்றான், ரொம்பச் சாதாரணமாக. "என்னை என்ன பைத்தியக்காரன்னு நினைச்சியா? மாசாமாசம் அச்சடிச்சு அச்சடிச்சுக் குடுத்தியே. இப்போ நெஞ்சுல இருக்குங்கற. எது பொய்யின்னு நான் எப்படிக்கா கண்டுபிடிக்கறது?"

"இது சத்தியம்டா."

"சரி, சரி" என்றான். இரண்டு தரம். திரும்பிப் படியில் இறங்கிப் போய்விட்டான். பின்னாலேயே இரண்டு மாடி ஓடினேன். மூச்சு வாங்கி நின்றபோது அவன் காலடிச் சத்தம் கீழே எங்கோ கேட்டது.

எமர்ஜென்சிக்கு ஓடி டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயதுப் பெண். அவள் முகம் மாறிவிட்டது. "எங்க இருக்காரு? உடனே கூட்டிட்டு வாங்க, நான் படுக்கை தயார் பண்றேன்" என்றாள். வாசலில் நின்று அவனுக்குப் போன் போட்டேன். பதினொரு தடவை. எடுக்கவில்லை. அவன் மனைவிக்குப் போட்டேன், அவளும் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. அவனைக் கூட்டிவந்த கிடங்கு ஆள் போனில், அவனை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னான். பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். காலியாக இருந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்தபோது செல்போனில் அவன் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. மூச்சு இரைக்கப் பேசியிருந்தான். "அக்கா, யோசிச்சுப் பாத்தேன். நீ எதுக்குப் பொய் சொல்லப்போற. வரேன். டாக்டர்கிட்ட சொல்லி வை." பிறகு, "நிஜமா எவ்வளவு இருக்கும்னு நினைக்கிற? முன்னூறாவது தேறுமா?"

எமர்ஜென்சி வாசலில்தான் நிற்கிறேன், நேரே இங்கே வா என்று பதில் அனுப்பினேன். அங்கேயே நின்றேன். ஒவ்வொரு ஆட்டோவையும் எட்டிப் பார்த்தேன். அவன் அந்தப் பதிலைப் பார்க்கவில்லை, முன்வாசல் வழியாக வரவும் இல்லை. பக்கவாட்டு வாசலில் நுழைந்து என்னைத் தேடி நாலாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தான். படியில். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், தரை துடைக்கிற அம்மா அவன் விழுந்து கிடப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறாள். ஐம்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தினார்கள். என்னை உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் நான் என்ன கிழித்திருப்பேன்.

லேப் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நோயாளி சொல்லல. துண்டுத்தாள்ல எச்சரிக்கை இருக்கு. நம்ம மேல தப்பு இல்லம்மா" என்றார். அவன் அந்த மாத்திரை சாப்பிடுவது எனக்கு முன்பே தெரியும் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் வேலை என்ன ஆகும் என்று அவர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அவன் டியூப் இரண்டையும், பயோட்டினுக்கு ஏமாறாத வேறு மாதிரி மெஷின் உள்ள இன்னொரு ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். ஒன்பதரை மணி டியூபிலேயே ட்ரோபோனின் ஏறியிருந்தது. பன்னிரண்டரை மணி டியூபில் அது பத்து மடங்கு. அந்த டெக்னீஷியனிடம் கெஞ்சி டெஸ்டோஸ்டிரோனும் பார்க்கச் சொன்னேன். இதுக்கு எதுக்கு இது என்று ஒரு மாதிரி பார்த்தான். 402. முன்னூறைத் தாண்டித்தான் இருந்தது. அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தது. நல்ல சட்டை போட்டிருந்தார்கள். அலமாரியில் கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை அட்டையாகப் பிரிக்காமல் இருந்தது. மனைவி அவன் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

"அண்ணி, இத அவரு பையிலயே வச்சிரட்டுமா? இதப் பாத்துத்தான் இத்தனை நாளா சந்தோஷமா இருந்தாரு."

"அது பொய்ம்மா" என்றேன். ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. மாத்திரை, மெஷின், இரண்டு டியூப், பட்டன், எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தும் மூடி மறைத்ததைச் சொன்னேன். அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பொய்யின்னு அவருக்குத் தெரியுமா?"

"நேத்து சொல்லிட்டேன்."

"எப்போ?"

"ஒரு மணிக்கு. ஜன்னல்கிட்ட."

"ஒரு மணிக்கு அவரு நல்லாத்தானே இருந்தாரு?" அவள் குரல் உயரவே இல்லை. "நடந்துதானே உங்ககிட்ட வந்தாரு? அதச் சொன்னதுக்கு அப்புறம்தானே விழுந்தாரு?"

நான் தலையாட்டினேன்.

"அத ஏன் அண்ணி அவருகிட்ட சொன்னீங்க?"

அப்படி இல்லைம்மா, சொன்னதால் இல்லை, சொல்லாததால்தான் என்று வாய் வரை வந்தது. இருக்கை, துண்டு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் அதற்குள் எழுந்துபோய், தாளைக் கிழியாமல் நீவி நான்காக மடித்து, அவன் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டாள். 402 என் கைப்பையில் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.